வெளிச்சத்துக்குப் பழக்கிய நாய்

முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியாதா என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நாயைப் பார்த்துச் சொல்வதில்லை. இவன் உருப்படமாட்டான் என்று முடிவு கட்டிய ஆளைப் பார்த்துச் சொல்வது. குவைத்தில் வேலை போய் நான் ஊருக்குத் திரும்பிய நாலாவது மாதம், என் மனைவியின் அண்ணன் அதை என்னைப் பார்த்துச் சொன்னார். தேங்காய் பறிக்க ஆள் வரவில்லையே, நாமே ஏறிப் பார்ப்போம் என்று ஏறி, பாதி மரத்தில் மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மொசப் புடிக்கிற நாய மூஞ்சியப் பாத்தாத் தெரியாது? எறங்குங்க மாப்ள, இருக்குற எலும்பாச்சும் மிஞ்சட்டும்" என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இறங்கியதில் நெஞ்சுத் தோல் பெயர்ந்துவிட்டது. அன்று ராத்திரி என் மனைவி மஞ்சள் வைத்துவிட்டாள். அவளும் சிரித்தாள் என்பதுதான் எனக்கு எரிந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்தவனை எங்கள் ஊரில் முதல் மாதம் "எப்ப வந்தீங்க?" என்று கேட்பார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து "எப்பப் போறீங்க?"தான். பதினோரு வருடம் ஏசி குழாய்க்குத் தகரம் வளைத்தவனுக்கு ஆலங்குடிப் பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது? கடலை பிடுங்கவும் தெரியாது, மாடு கறக்கவும் தெரியாது. என் மனைவி விடியற்காலையில் இரண்டு மாட்டைக் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருவாள். நான் அவள் வாங்கி வந்த பேப்பரைப் படிப்பேன். வீட்டில் நான் ஒருவன் அதிகப்படியாக இருப்பது எனக்கே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் மச்சான் ஒரு குட்டி எடுக்கச் சொன்னார். அவர் பெயர்பெற்ற முயல்காரர். அவருடைய நாய்க்கு வயதாகிப் பின்னங்கால் இழுக்க ஆரம்பித்திருந்தது. எனக்குப் பொழுது போகும், அவருக்கு நாய் கிடைக்கும் என்று அவர் கணக்கு. எனக்கோ பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. ஒன்றையாவது ஒழுங்காகச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. முயல் பிடிப்பது குற்றம், மாட்டினால் வழக்கு. இது தெரியாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. பிடிக்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

குட்டி வந்தபோது அதற்கு மூன்று மாதம். பொன்னமராவதிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், கன்னி என்கிற வேட்டைச் சாதி நாய்க்கும் ஊர் நாய்க்கும் பிறந்த பெட்டை. கறுப்பு உடம்பு. புருவத்துக்கு மேல் இரண்டு செம்பட்டைப் புள்ளி, நாலு காலிலும் முட்டிக்குக் கீழே செம்பட்டை. மச்சானின் பைக்கில் சாக்குப் பையில் போட்டு மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். புதுக்கோட்டை தாண்டுகிற வரைக்கும் நடுங்கிக்கொண்டே வந்து, பிறகு என் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கடித்துத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனது.

"பேரு வைக்காதீங்க" என்றார் மச்சான். "பேரு வச்சா கூப்புடணும்னு தோணும். காட்டுல வாயத் தொறந்தா மொசலு போச்சு. அங்கிட்டு எவனாச்சும் இருந்தா நாமளும் போச்சு. கொஞ்சவும் செய்யாதீங்க, கெட்டுப்போயிரும்."

நான் பெயர் வைக்கவில்லை. என் மனைவி மட்டும் "ஏ புள்ள" என்று கூப்பிடுவாள். அவளைக் கண்டித்தேன். "ஒங்களுக்கு வேட்டை நாயி. எனக்கு என்ன? புள்ளைதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரவு வேட்டை எப்படி என்றால், நெற்றியில் கட்டும் பேட்டரி லைட்டோடு கடலைக் கொல்லை ஓரமாக, தைலமரக் காட்டு ஓரமாக நடக்க வேண்டும். அமாவாசையை ஒட்டிய நாட்கள்தான் நல்லது. முயல் பக்கவாட்டில் உட்கார்ந்து மேய்வதால் வெளிச்சத்தில் பெரும்பாலும் ஒரு கண்தான் சிவப்பாகத் தெரியும். வெளிச்சம் அடித்ததும் அது அசையாமல் நிற்கும். நாயை அந்த வெளிச்சத்தின் வழியே விட வேண்டும். நாய் பிடித்து, கிழிக்காமல், குரைக்காமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். புதிதாகப் போகிறவன் தரையில் உட்கார்ந்திருக்கும் பக்கிக் குருவியின் கண்ணைப் பார்த்து முயல் என்று நாயை விடுவான். நான் மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்.

நாயைத் திரும்ப வரவழைக்க மற்றவர்கள் நாக்கைச் சொடுக்குவார்கள், மெல்ல விசிலடிப்பார்கள். எனக்கு அது போதவில்லை. இவர்கள் யாரும் செய்யாததை நான் செய்துகாட்ட வேண்டும். சத்தமே இல்லாமல், வெளிச்சம் ஒன்றை வைத்தே அதைப் பழக்குவது என்று முடிவு செய்தேன். அப்போது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இருட்டிய பிறகுதான் சோறு. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் வெட்டவெளியில் சட்டியை வைத்துவிட்டு, இருபதடி தள்ளி நின்று லைட்டைச் சட்டிமேல் அடிப்பேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் சோறு இருக்கும். பத்து நாளில் அது சட்டியைத் தேடுவதை விட்டுவிட்டு வெளிச்சத்தைத் தேட ஆரம்பித்தது. பிறகு மச்சான் வீட்டிலிருந்து ஒரு காய்ந்த முயல் தோலை வாங்கி, வைக்கோல் திணித்துக் கயிறு கட்டி, வெளிச்சத்துக்குள்ளேயே இழுத்து ஓடுவேன். கவ்வினால் மட்டும் போதாது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கொண்டுவர வேண்டும். லைட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கை வந்து வாங்குகிற வரைக்கும் வாயிலேயே வைத்திருக்க வேண்டும். கொடுத்தால் ஒரு முட்டை. பல் பதிந்திருந்தால் முட்டை கிடையாது. லைட்டை அணைத்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், மறுபடி எரிந்ததும் வர வேண்டும். எட்டு மாதத்தில் என் குரல் அதற்கு எதற்குமே தேவைப்படவில்லை.

குரைப்பதை நிறுத்துவதற்கு வேறு வழி. ஈரத் துண்டை முறுக்கி மூஞ்சியில் அடிப்பார்கள். நானும் அடித்தேன். முதல் தடவை அது விளையாட்டு என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு துண்டைக் கவ்வ வந்தது. நாலைந்து நாளில் புரிந்துகொண்டது. ஒருநாள் மாடு அதன் காலை மிதித்துவிட்டது. அப்போதும் அதன் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. காலைத் தூக்கிக்கொண்டு நின்று என்னைப் பார்த்தது. நான் அதன் காலைப் பார்ப்பதற்கு முன்னால் மச்சானுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். இதையெல்லாம் எழுதத்தான் வேண்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய வேண்டுமே.

முதல் முயலை அது ஐப்பசி அடைமழை விட்ட ஒரு ராத்திரி பிடித்தது. விட்டேன், வெளிச்சத்தில் கறுப்பாக ஒரு கோடு போனது, தூசிகூடக் கிளம்பவில்லை. திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தது. முயலில் ஒரு பல்கூடப் பதியவில்லை. மச்சான் சிரிக்கவில்லை.

"மாப்ள, இந்த மாதிரி நாய நான் பாத்ததில்ல" என்றார்.

அவர் சிறுநீர் கழிக்க ஒதுங்கிய நேரத்தில், நான் வரப்பில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதற்கு அது பழக்கமில்லை. உடம்பை விறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு தலையை என் தோளில் வைத்தது. எனக்கு அழுகை வந்தது. ஊருக்கு வந்து ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் ஒரு மனுஷனாக இருந்தேன்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று முயல். ஊரில் விஷயம் பரவியது. எப்பப் போறீங்க என்ற கேள்வி குறைந்து, "நாயி எப்புடி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

தை மாதம் எனக்கு விசா வந்தது. பழைய மேஸ்திரி ஒருவர் சொல்லி, கத்தாரில் அதே தகரம் வளைக்கும் வேலை. என் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் தருகிற சான்று ஒன்றுதான் பாக்கி. அதற்கு எழுதிப் போட்டிருந்தேன். விசாரிக்க ஒரு வாரத்தில் ஆள் வரும் என்றார்கள். அந்தச் சான்று வராவிட்டால் விசா போய்விடும். விசா போனால் நான் மறுபடி பேப்பர் படித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்திருக்கலாம். நாயே வேண்டாம் என்று கட்டிப்போட்டிருக்கலாம்.

"போறதுக்கு முந்தி ஒரு தரம்" என்றார் மச்சான். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

என் மனைவி கொட்டகை வாசலில் நின்றாள். "இந்த ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?"

"ஒரு மணி நேரத்துல வந்துருவேன்."

"எங்க அண்ணன நம்பிப் போறீங்க. அது சின்னதுல என்னைய மாங்கா மரத்துல ஏத்திவிட்டுட்டு, தோட்டக்காரரு வரவும் ஓடிப்போன ஆளு" என்றாள்.

என் பைக்கை மச்சான்தான் ஓட்டினார். தைலமரக் காட்டின் முனையில் நிறுத்திவிட்டு நடந்தோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு காட்டை ஒட்டிய கொல்லையில் ஒற்றைக் கண் சிவந்தது. நாயை விட்டேன். முயல் கடைசி நொடியில் வெளிச்சத்தைவிட்டுத் துள்ளி மரங்களுக்குள் பாய்ந்தது. நாயும் உள்ளே போனது. நான் லைட்டைத் திருப்பினால், மரங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில் இன்னொரு லைட் எரிந்துகொண்டிருந்தது. பெரிய லைட். அதன் பின்னால் பேச்சுக்குரல்.

"பாரஸ்டு. லைட்ட அணைங்க" என்றார் மச்சான். நான் அணைத்தேன். அணைத்த பிறகு அவர் இருந்த இடத்தில் அவர் இல்லை. ஐந்து நிமிஷத்தில் தூரத்தில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அது என் பைக்.

மழைத் தண்ணீர் தங்குவதற்காக அந்தக் காட்டில் வரிசையாகப் பள்ளம் வெட்டிப் போட்டிருப்பார்கள். ஒன்றில் இறங்கிப் படுத்துக்கொண்டேன். காய்ந்த தைல இலையும் முள்ளும். தலையை மட்டும் தூக்கிப் பார்த்தேன்.

நாய் முயலைக் கவ்வியபடி மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது. என் பக்கம் இருட்டு. அது நின்றது. லைட் அணைந்தால் நிற்கத்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன். பிறகு அந்தப் பெரிய வெளிச்சத்தைப் பார்த்தது. நேரே அதை நோக்கி நடந்து போய், லைட் பிடித்திருந்த ஆளின் முன்னால் உட்கார்ந்து, முயலை வாயில் வைத்தபடியே அண்ணாந்து பார்த்தது. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் குனிந்து கையை நீட்டினார். அது முயலைக் கையில் கொடுத்தது.

"அடேங்கப்பா" என்றார் அவர். "எவன்டா இத இவ்ளோ அழகாப் பழக்குனவன்? அந்தக் கையக் கண்ணுல ஒத்திக்கணும்."

என் வேலையை அப்படி ஒருவர் புகழ்ந்ததை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. பதினோரு வருடம் வளைத்த தகரத்தை யாரும் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. அதைக் கேட்கும்போது நான் பள்ளத்தில் குப்புறக் கிடந்தேன்.

என் விரல் லைட்டின் சுவிட்சில் இருந்தது. ஒரு சில நொடி எரியவிட்டிருந்தால் போதும், அது என்னிடம் ஓடி வந்திருக்கும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது. கூப்பிடப் பெயரும் இல்லை, விசிலும் இல்லை. அந்தச் சில நொடியை நான் கொடுக்கவில்லை. சான்று, விசா, டிக்கெட் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன். அவர்கள் அதன் கழுத்தில் கயிறு போட்டுக் கூட்டிப்போனார்கள். அது திரும்பித் திரும்பி இருட்டைப் பார்த்துக்கொண்டே போனது. நான் லைட்டை ஊர் எல்லைக் கிணற்றில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

காலையில் பத்து மணிக்கு ஜீப் வந்தது. பாரஸ்டர், கூட இரண்டு பேர், கயிற்றில் நாய். ரேஷன் கடை முன்னால் ஊரே வரிசையில் நின்ற நேரம். பாரஸ்டர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

அது தெருவோடு வந்து, எங்கள் வாசல் தாண்டி, மாட்டுக்கொட்டகைத் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, தொட்டி ஓரத்தில் எப்போதும் படுக்கும் இடத்தில் படுத்துக்கொண்டது. பின்னாலேயே அவர் வந்தார். அவர் பின்னால் பாதி ஊர். மச்சானும் அந்தக் கூட்டத்தில் பால் தூக்கோடு நின்றார், ரொம்ப அப்பாவியாக.

"ஒங்க நாயாங்க?" என்று கேட்டார் பாரஸ்டர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"இல்லங்க சார்."

"ஒங்க கொட்டகையில வந்து படுக்குது?"

"தெரு நாயி சார். மாட்டுத் தண்ணி இருக்குற எடத்துக்கு வரத்தான் செய்யும்."

கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊர்ப் பாசம் என்று சொல்லலாம். அடுத்த முறை அவர்களுக்கும் நான் அப்படி நிற்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லலாம். என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் மாவு.

"அப்ப வெரட்டி விடுங்க பாப்போம்" என்றார் அவர்.

மாட்டை ஓட்டும் கம்பு சுவரில் சாய்த்திருந்தது. எடுத்தேன். ஓங்குவதுபோல் ஓங்கினால் ஓடிவிடும் என்று நினைத்தேன். அது ஓடவில்லை, எழுந்து உட்கார்ந்தது. அடித்தேன். முதுகில் ஒன்று, பின்காலில் ஒன்று. அது எழுந்து நின்று என்னைப் பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஒன்று அடித்தேன். அது தலையைத் தாழ்த்திக்கொண்டு கொட்டகையைவிட்டு வெளியே போனது. இத்தனைக்கும் ஒரு சத்தமில்லை.

பாரஸ்டர் நாயைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரு நாய இந்த அடி அடிச்சா நாலு தெருவுக்குக் கேக்கும்" என்றார். "இது வாயே தொறக்கலையே."

நான் கம்பைத் திரும்பச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"சரிங்க. நாய் ஒங்களது இல்ல. நாய வச்சு நான் கேஸ் போட முடியாது, அது சாட்சி சொல்லாது." ஜீப்புக்குப் போனவர் நின்று திரும்பினார். "ஆனா ஒண்ணு. எங்க ஆளு இந்தப் பக்கம் வந்துகிட்டுத்தான் இருப்பான். இது ஒங்க வீட்டுல சோறு திங்கிறத ஒருநாளு பாத்தேன்னு வந்து சொன்னான்னா, அன்னைக்கி நாம வேற மாதிரிப் பேசுவோம்."

ஜீப் போனதும் மச்சான் வந்து தோளைத் தட்டினார். "சமாளிச்சுட்டீங்க மாப்ள." நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அவருக்குத்தான் எதுவும் ஒட்டாதே.

என் மனைவி நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ராத்திரி சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். கோவப்படக் கூடாது. நாளைக்கி எவனாச்சும் என்னயக் கூட்டியாந்து நிறுத்தி, இவ யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பைத்தியமா ஒனக்கு? நாயும் நீயும் ஒண்ணா?"

"இல்லதான்" என்றாள். "அது ஒங்கள நம்புச்சு."

அவளை அறையக் கை வந்தது. கையைச் சோற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சாப்பிடவில்லை.

நாய் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் போய்ப் படுக்க ஆரம்பித்தது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். முதல் இரண்டு நாள் இருட்டியதும் கொட்டகைப் பக்கம் வந்து, வெட்டவெளியில் உட்கார்ந்து வெளிச்சம் விழும் என்று காத்திருந்தது. நான் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வரவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் கடைக்குப் போனால் அந்தப் பக்கம் பார்க்காமல் போவேன். அது என்னைப் பார்க்கும். ஓடி வராது, அடித்திருக்கிறேன் அல்லவா? வாலை மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டும்.

ஐந்தாம் நாள் மத்தியானம், பட்டப்பகலில், என் மனைவி தூக்குச்சட்டியில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எவனாச்சும் பாத்தா? போலீஸ்காரன் இன்னைக்கோ நாளைக்கோ வருவான். என் பொழப்பு போயிரும் புள்ள."

"நாயி நம்மளுது இல்லைன்னுதான சொன்னீங்க? இல்லாத நாயிக்குச் சோறு வச்சா ஒங்க பொழப்பு எப்புடிப் போகும்?" கையை உதறிவிட்டு நடந்தாள்.

நிழற்குடையில் பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் பார்க்க, இலையை விரித்துச் சோற்றை வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, அது தின்னும் வரைக்கும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், நான் அடித்த இடத்தை. தினமும் போனாள். பாரஸ்டருடைய ஆள் ஒருநாள் சைக்கிளில் அந்த வழியாகப் போனான். பார்த்தான், இரண்டு கேள்வி கேட்டான், போய்விட்டான். ஒன்றும் நடக்கவில்லை. நான் பயந்தது எதுவுமே நடக்கவில்லை.

போலீஸ்காரர் வந்து, டீ குடித்து, எழுதிக்கொண்டு போனார். சான்று வந்தது. டிக்கெட்டும் வந்தது. இனி யாருக்கும் நான் பயப்படத் தேவையில்லை. அன்றைக்கே பஸ் ஸ்டாப்புக்குப் போய் அதைக் கூட்டிவந்திருக்கலாம். போகக் கிளம்பினேன். செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். டீக்கடை நினைவு வந்தது. அன்னைக்கு இல்லைன்னாரு, இன்னைக்கு ஆமாங்கிறாரு என்று சிரிப்பார்களே. பயம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று செருப்பைக் கழற்றினேன். அப்படியே பதினாறு நாள் கழற்றினேன்.

கிளம்புகிற அன்று திருச்சி விமானத்துக்காக ராத்திரி ஒரு மணிக்கு வேன் வந்தது. கறம்பக்குடிப் பக்கத்து டிரைவர், எங்கள் ஊர் ஆள் யாரையும் அவருக்குத் தெரியாது. மச்சான் பெட்டியை ஏற்றிவிட்டு விபூதி பூசிவிட்டார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள், விமான நிலையம் வரைக்கும் வருவதாக. பாஸ்போர்ட், சான்று, டிக்கெட் மூன்றும் மடியில் ஒரு பையில் இருந்தன. தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வேன் தெருவைவிட்டுத் திரும்பிப் பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது, ஹெட்லைட் வெளிச்சத்தில் அது எழுந்து வந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. ரோட்டின் நடுவே வந்து, வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தது. டிரைவர் பிரேக் போட்டார். வாயில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாததால் அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருதரம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தது.

"யாரு வீட்டு நாய்ண்ணே, வழிய விடமாட்டேங்குது?" என்றார் டிரைவர்.

என் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வேனுக்குள் நாங்கள் மூன்று பேர்தான். வெளியே ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

"தெரியலப்பா" என்றேன். "ஹாரன் அடி."